பரிசோதனைத் தாளில் மட்டும் இருந்த ஹார்மோன் கோளாறு: பதற்றமும் ஐந்து ஊட்டச்சத்து மாத்திரைகளும் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வுக்கு உரியவர் முப்பதுகளின் நடுவில் இருந்த ஒரு பெண். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பொறுப்பான பதவி வகித்தவர். அவருடைய ஒப்புதலோடு எழுதப்படும் இக்குறிப்பில், அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

என்னிடம் வருவதற்கு ஏறத்தாழ எட்டு மாதங்களுக்கு முன்பு, ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில் அவருக்குத் தூக்கம் கெடத் தொடங்கியது. பின்னிரவு இரண்டு, மூன்று மணிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டு விழிப்பு வரும். அதன்பின் விடியும்வரை புரண்டுகொண்டிருப்பார். அலுவலகக் கூட்டத்தில் பேச எழுந்தால் உள்ளங்கை ஈரமாகும், மூச்சு போதாததுபோல் இருக்கும். மருத்துவரிடம் போகுமளவுக்கு இது நோயில்லை என்று கருதிய அவர், தாமாகவே தேடிப் படித்து, இவையெல்லாம் மன அழுத்த ஹார்மோனாகிய கார்ட்டிசால் கூடியதன் அடையாளம் என்ற முடிவுக்கு வந்தார். அதைக் குறைப்பதாகச் சொல்லும் மாத்திரைகளை வாங்கத் தொடங்கியதும் அப்போதுதான். என்னென்ன மாத்திரைகள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அந்தத் தாமதத்துக்கு நானும் ஒரு காரணம்.

மாதங்கள் கடந்தும் பதற்றம் தணியாததால் அவர் முழு உடல் பரிசோதனைக்குப் பதிவு செய்து, கார்ட்டிசாலையும் சேர்த்துப் பார்க்கும்படி தாமே கேட்டுக்கொண்டார். முடிவு அவர் பயந்ததைவிட மோசமாக இருந்தது. காலை கார்ட்டிசால் ஒரு டெசிலிட்டருக்கு 36 மைக்ரோகிராம் (அந்த ஆய்வகத்தின் வரம்பு 5 முதல் 25 வரை). தைராய்டைத் தூண்டும் ஹார்மோனாகிய டிஎஸ்எச் 0.4 முதல் 4.0 வரை இருக்க வேண்டியது வெறும் 0.05, தைராய்டு சுரக்கும் ஹார்மோனாகிய ஃப்ரீ டி4 உச்ச வரம்பான 1.8ஐத் தாண்டி 2.6. தைராய்டு மிகையாகச் சுரக்கிறது, கார்ட்டிசாலைச் சுரக்கும் அட்ரீனலையும் பார்க்க வேண்டும் என்ற குறிப்போடு அவர் எங்கள் ஹார்மோன் நோய்ப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார்.

முதல் சந்திப்பும் முதல் தவறும்

அன்று நான் கண்டவற்றுக்கும் அந்த எண்களுக்கும் பொருத்தமே இல்லை. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 88, இரத்த அழுத்தம் 126/80. நீட்டிய விரல்களில் நடுக்கம் இல்லை. கழுத்தில் தைராய்டு வீக்கம் இல்லை, கண்களில் பிதுக்கம் இல்லை, எட்டு மாதங்களில் எடை ஒரு கிலோ கூடக் குறையவில்லை. கார்ட்டிசால் நெடுநாள் மிகுந்திருந்தால் தோன்றக்கூடிய மெலிந்த தோல், எளிதில் கன்றிப்போதல், வயிற்றில் ஊதா நிற வரிகள், படியேறும்போது தொடைத் தளர்ச்சி ஆகிய எதுவும் இல்லை. கையில் இருந்த தாளில் இரண்டு சுரப்பிகள் நோயுற்றிருந்தன; எதிரே அமர்ந்திருந்தவரிடம் பதற்றமும் களைப்பும் தவிர வேறொன்றும் தென்படவில்லை.

இந்த முரண்பாட்டை நான் கவனிக்கத்தான் செய்தேன், குறிப்பேட்டிலும் எழுதினேன். ஆனால் அதைத் தொடக்க நிலை நோய் என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். "ஏதாவது மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டதற்கு அவர் "இல்லை டாக்டர்" என்றார், நானும் "மருந்துகள்: எதுவுமில்லை" என்று எழுதி மேலே போய்விட்டேன். படபடப்புக்குக் குறைந்த அளவு புரோப்ரனோலால் கொடுத்து, தைராய்டு ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி பரிசோதனைக்கு எழுதினேன். அவர் பொய் சொல்லவில்லை. ஊட்டச்சத்து மாத்திரையை மருந்தென்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கேள்விதான் தவறாக இருந்தது.

ஐந்து நாட்களில் வந்த ஆன்டிபாடி முடிவு மிதமான நேர்மறை. மூன்று பரிசோதனைகள் ஒன்றை ஒன்று உறுதிப்படுத்தின. உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டை மிகையாகத் தூண்டும் கிரேவ்ஸ் நோய் என்று முடிவுகட்டி, தைராய்டு சுரப்பை அடக்கும் மெதிமசோல் மருந்தைத் தொடங்குவதற்காக அவரை மறுநாள் வரச் சொன்னேன்.

மாத்திரைப் பெட்டி

மறுநாள் அவர் வந்தபோது முந்தைய நோயாளி இன்னும் வெளியேறவில்லை. கதவு திறந்திருந்தது. காத்திருப்பு நாற்காலியில் அமர்ந்தபடி அவர் கைப்பையிலிருந்து கிழமைகள் எழுதிய ஏழு அறை கொண்ட பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து, அன்றைய அறையைத் திறந்து, மூன்று மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்கியதைப் பார்த்தேன். உள்ளே வந்ததும் முதலில் கேட்டது அதைப்பற்றித்தான். "அது மருந்தில்லை டாக்டர், சப்ளிமென்ட்" என்றார், சற்றே வியப்புடன்.

குப்பிகளின் படங்கள் அவர் கைபேசியில் இருந்தன. நாளுக்கு இருமுறை 300 மில்லிகிராம் அஸ்வகந்தா. தமிழில் அமுக்கரா என்று சொல்லும் அதே கிழங்கின் செறிவூட்டிய சாறு. இரவில் மக்னீசியமும், தேயிலையில் உள்ள எல்-தியனின் 200 மில்லிகிராமும். தூங்காத இரவின் களைப்பைப் போக்க, காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் கஃபீன் அடங்கிய 'எனர்ஜி' கேப்ஸ்யூல் ஒவ்வொன்று. மன அழுத்தத்தால் முடி கொட்டுகிறது என்று தோன்றியதால் ஐந்தாவதாக, பி வைட்டமின் வகையைச் சேர்ந்த பயோட்டின் மாத்திரை ஒன்று. முந்தைய மாத்திரை தீர்க்காமல் விட்ட குறையே அடுத்ததை வாங்கக் காரணமாகிக்கொண்டிருந்தது.

படத்தைப் பெரிதாக்கிப் பயோட்டின் குப்பியின் பின்பக்கத்தைப் படித்தோம். ஒரு மாத்திரையில் 10,000 மைக்ரோகிராம். அதற்கு நேரே, தினசரித் தேவையில் 33,333 சதவீதம் என்று அச்சிட்டிருந்தது. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குப் போதுமான அளவு 30 மைக்ரோகிராம்தான். ஒளிவுமறைவின்றி எழுதியிருந்த அந்த எண்ணை அவரும் ஐந்து மாதங்களாகப் படித்ததில்லை, நானும் கேட்டதில்லை. இரண்டு முறை இரத்தம் கொடுத்த நாட்களிலும் வீட்டிலிருந்து கிளம்புமுன் அந்த மாத்திரையை விழுங்கியதாக நினைவுகூர்ந்தார். "வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள், மாத்திரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை."

பயோட்டின் எண்களை மாற்றிய விதம்

இங்கே சற்று விரிவாக எழுதுவது அவசியம், ஏனெனில் இதை அறியாத மருத்துவர்கள் இன்றும் உண்டு. பல ஆய்வகக் கருவிகள் ஹார்மோனை அளக்கும்போது, அளவிடும் மூலக்கூறுகளை ஓரிடத்தில் ஒட்டிப் பிடித்து நிறுத்தப் பயோட்டினையும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தையும் பசைபோலப் பயன்படுத்துகின்றன. இரத்தத்திலேயே பயோட்டின் மிதமிஞ்சி இருந்தால், ஸ்ட்ரெப்டாவிடினில் உள்ள இடங்களை அது முந்திக்கொண்டு பிடித்துவிடுகிறது. ஒட்ட வேண்டியவை ஒட்டாமல் கழுவிக்கொண்டு போய்விடுகின்றன. கருவிக்குக் கிடைக்கும் சமிக்ஞை குறைகிறது.

சமிக்ஞை குறைந்தால் என்ன பொருள் என்பது பரிசோதனையின் வகையைப் பொறுத்தது. டிஎஸ்எச் போன்றவற்றை இரண்டு ஆன்டிபாடிகளுக்கு இடையில் பிடித்து அளக்கும் முறையில், குறைந்த சமிக்ஞை என்றால் குறைந்த ஹார்மோன். ஃப்ரீ டி4, கார்ட்டிசால் போன்ற சிறிய மூலக்கூறுகளைப் போட்டி முறையில் அளக்கும்போது கணக்கு தலைகீழ். அங்கே குறைந்த சமிக்ஞை என்றால் மிகுந்த ஹார்மோன். ஆகவே ஒரே பயோட்டின் டிஎஸ்எச்சைப் பொய்யாக இறக்கி, டி4ஐயும் கார்ட்டிசாலையும் பொய்யாக ஏற்றிக் காட்டும். தைராய்டு ஏற்பி ஆன்டிபாடியையும் பல கருவிகள் போட்டி முறையிலேயே அளப்பதால் அதுவும் நேர்மறையாக வரக்கூடும். மூன்று தனித்தனிச் சாட்சிகள் என்று நான் நினைத்தவை, ஒரே குப்பியிலிருந்து வந்த ஒரே சாட்சியாக இருந்தன.

எல்லாக் கருவிகளிலும் இப்பிழை நேர்வதில்லை. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 6 பேர் ஒரு வாரம் தினமும் 10 மில்லிகிராம் பயோட்டின் எடுத்துக்கொண்டபின் அவர்களுடைய இரத்தத்தை வெவ்வேறு கருவிகளில் அளந்தபோது, சிலவற்றில் பெரும் பிழையும் மற்றவற்றில் சரியான முடிவும் கிடைத்தன. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வெளியிட்ட எச்சரிக்கை, மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் அளவு பயோட்டினால் பொய்யாகக் குறைந்து காட்டியதைத் தொடர்ந்து நேர்ந்த ஒரு மரணத்தையும் குறிப்பிட்டது. இவையெல்லாம் நான் படித்திருந்தவைதான். படித்தது நினைவில் எழ, ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

எடுத்த முடிவுகள்

மெதிமசோலைத் தொடங்கவில்லை. அரிதாக நேர்ந்தாலும், வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைக்கக்கூடிய மருந்து அது. இல்லாத நோய்க்கு அந்த ஆபத்தை ஏற்பதில் பொருளில்லை. தைராய்டு பரிசோதனைக்கு முன் பயோட்டினைக் குறைந்தது 2 நாட்கள் நிறுத்துமாறு அமெரிக்க தைராய்டு சங்கம் பரிந்துரைக்கிறது. அவர் எடுத்த அளவு பெரிது, அவசரமும் இல்லை என்பதால் 7 நாட்கள் நிறுத்தச் சொன்னேன்.

மற்ற நான்கையும் நிறுத்துவதா என்பதுதான் கடினமான கேள்வி. ஒன்றொன்றாக நிறுத்தினால் எது என்ன செய்தது என்று தெரியும். ஆனால் மறுபரிசோதனை தெளிவாக வேண்டுமானால் அஸ்வகந்தாவும் வெளியேற வேண்டும், ஏனெனில் அது தைராய்டு ஹார்மோன் அளவை உண்மையாகவே உயர்த்தக்கூடியது. கஃபீனைத் திடீரென நிறுத்தினால் ஒருநாளுக்குள் தலைவலியும் எரிச்சலும் தொடங்கிப் பல நாட்கள் நீடிக்கும். அதைப் பதற்றம் கூடியதாக அவர் எடுத்துக்கொள்வார் என்று அஞ்சினேன். ஆகவே பயோட்டினையும் அஸ்வகந்தாவையும் உடனே நிறுத்தி, கஃபீனை மூன்று வாரங்களில் படிப்படியாகக் குறைத்து, தீங்கு எதையும் காணாத மக்னீசியத்தையும் தியனினையும் அப்போதைக்கு அப்படியே விட்டுவைத்தோம்.

இம்முறை கேள்வியையும் மாற்றிக் கேட்டேன்: "வாய்வழியாக எதையெல்லாம் விழுங்குகிறீர்கள்?" அப்போதுதான் ஆறாவது ஒன்று வெளிவந்தது. நான்கு ஆண்டுகளாக அவர் கருத்தடை மாத்திரை எடுத்துவந்தார். அதையும் அவர் மருந்தாக எண்ணியதில்லை.

மறுபரிசோதனையில் மிஞ்சிய ஒரு எண்

ஏழு நாட்களுக்குப் பின் டிஎஸ்எச் 2.1, ஃப்ரீ டி4 1.2, ஆன்டிபாடி எதிர்மறை. தைராய்டு நோய் தாளிலிருந்தும் மறைந்தது. ஆனால் காலை கார்ட்டிசால் 36இலிருந்து 29க்கு மட்டுமே இறங்கியிருந்தது. இன்னும் வரம்புக்கு மேல்.

அவர் முகம் மாறியதைக் கண்டேன். தாம் முதலிலிருந்து சொன்னது சரிதான் என்ற நிறைவும் அச்சமும் அதில் கலந்திருந்தன. கருத்தடை மாத்திரையைப் பற்றி முன்பே தெரியாமல் இருந்திருந்தால், நானும் அட்ரீனல் ஸ்கேன் வரை போயிருப்பேன். அந்த மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன், கார்ட்டிசாலைச் சுமந்து செல்லும் புரதத்தைக் கல்லீரல் கூடுதலாக உற்பத்தி செய்யும்படி தூண்டுகிறது. இரத்தத்தில் உள்ள கார்ட்டிசாலில் 90 சதவீதம் அல்லது அதற்கு மேல் புரதங்களோடு பிணைந்தே இருக்கும். பிணையாத சிறு பகுதிதான் திசுக்களில் வேலை செய்யும். சுமக்கும் புரதம் கூடினால் மொத்த அளவு கூடும், வேலை செய்யும் பகுதி கூடாது. வழக்கமான பரிசோதனை மொத்தத்தையே அளக்கிறது.

கார்ட்டிசால் மிகையை உறுதிசெய்ய இரவு 11 மணிக்கு, கார்ட்டிசால் சுரப்பை அடக்கும் டெக்சாமெத்தசோனை 1 மில்லிகிராம் கொடுத்து மறுநாள் காலை இரத்தம் எடுக்கும் பரிசோதனையும் இதே காரணத்தால் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களிடம் தவறலாம். ஆகவே அதைத் தவிர்த்து, இரண்டு தனித்தனி இரவுகளில் உறங்கப்போகும் நேரத்து உமிழ்நீரை எடுத்து, பயோட்டின் குறுக்கிட முடியாத, மூலக்கூறின் நிறையைக் கொண்டு அளக்கும் நிறை நிறமாலை முறையில் அளக்க அனுப்பினோம். உமிழ்நீரில் வருவது பிணையாத கார்ட்டிசால் மட்டுமே. அது விழித்தெழுந்த அரைமணி, முக்கால் மணி நேரத்தில் உச்சம் தொட்டு நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு இறங்குவது இயல்பு; நோயில் முதலில் கெடுவது இந்த இரவு இறக்கம். இரண்டு இரவுகளிலும் அளவு இயல்பாக இருந்தது.

ஹார்மோன் சரி, பதற்றம் அப்படியே

நல்ல செய்தி சொல்கிறோம் என்ற நினைப்பில் இதை அவரிடம் விளக்கினேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் எனக்கு ஒன்றுமே இல்லை என்கிறீர்களா?" என்று கேட்டார். குரலில் கோபம் இருந்தது. எட்டு மாதங்களாகத் தமக்கு நேர்வதற்குக் கார்ட்டிசால் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டிருந்தவரிடமிருந்து அந்தப் பெயரைப் பறித்துவிட்டு, வேறொன்றும் தராமல் நான் நின்றிருந்தேன்.

அன்றுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஏழு கேள்விகள் கொண்ட பதற்ற அளவுகோலில் அவர் பெற்றது 21க்கு 16. 15 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையான பதற்றம். கார்ட்டிசால் இயல்பாக இருக்கும்போதே பதற்றம் இந்த அளவுக்கு இருக்க முடியும் என்பதையும், இருப்பதே வழக்கம் என்பதையும் சொன்னேன்.

பிறகு கஃபீன் கணக்கைப் போட்டோம். ஒவ்வொரு எனர்ஜி கேப்ஸ்யூலிலும் 200 மில்லிகிராம். இரண்டு சேர்ந்து 400. ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு நாளின் மேல்வரம்பாகச் சொல்லப்படுவதே அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் இரண்டு மூன்று காபியும் குடித்துவந்தார். கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். மாலை நான்கு மணிக்கு விழுங்கிய 200 மில்லிகிராமில் 100 பின்னிரவு இரண்டு மணிக்கும் அவர் இரத்தத்தில் இருந்திருக்கும், காலைக் கேப்ஸ்யூலின் மிச்சம் தனி. அவர் நெஞ்சடித்து விழித்த நேரமும் அதுதான். தூக்கத்துக்கென இரவில் எடுத்த இரண்டு மாத்திரைகள், பகலில் எடுத்த இரண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன.

அஸ்வகந்தா பற்றிய கேள்வி

"அதுதான் கார்ட்டிசாலைக் குறைக்கிறது என்று நிரூபணம் ஆகியிருக்கிறதே?" என்று அவர் கேட்டது நியாயம்தான். 2012இல் வெளியான ஓர் ஆய்வில், நாட்பட்ட மன அழுத்தம் கொண்ட 64 பேரில் ஒரு பாதியினருக்கு நாளுக்கு இருமுறை 300 மில்லிகிராம் வீதம் 60 நாட்கள் கொடுத்தபோது, அவர்களின் இரத்தக் கார்ட்டிசால் 27.9 சதவீதம் குறைந்தது. மன அழுத்த மதிப்பெண்களும் குறைந்தன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பங்கேற்றோர் சிலரே, காலமும் குறைவு. கார்ட்டிசால் இறங்கியதால்தான் மனம் தணிந்ததா என்பதை அந்த ஆய்வு காட்டவில்லை. இன்னொரு பக்கம், கல்லீரல் பாதிப்பு குறித்த நோயாளி அறிக்கைகள் பல நாடுகளிலிருந்து வந்துள்ளன. டென்மார்க் 2023இல் அஸ்வகந்தாவைத் தடைசெய்தது. இவருக்குக் கல்லீரல் பரிசோதனைகள் இயல்பாகவே இருந்தன. எட்டு மாதங்களில் பயன் தெரியாத ஒன்றைத் தொடரக் காரணம் இல்லை என்பதே என் வாதம். தடையாக அல்ல, ஆலோசனையாகவே சொன்னேன்.

'அட்ரீனல் சோர்வு' என்ற பெயரில் விற்கப்படும் ஒரு தயாரிப்பை அடுத்து வாங்க இருந்ததாகவும் அன்று சொன்னார். அதில் மட்டும் நான் உறுதியாக நின்றேன். அப்படியொரு நோய் இருப்பதற்கு ஆதாரமில்லை என்று 58 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டு மதிப்பாய்வு முடிவுசெய்தது. அவ்வகைத் தயாரிப்புகள் 12ஐ ஆராய்ந்து 2018இல் வெளியான அறிக்கை, அத்தனையிலும் டி3 தைராய்டு ஹார்மோனும், பாதிக்கு மேற்பட்டவற்றில் ஏதேனும் ஒரு ஸ்டீராய்டும் இருந்ததைக் கண்டது. அதை அவர் தொடங்கியிருந்தால், அடுத்த முறை உண்மையாகவே ஹார்மோன் கோளாறோடு வந்திருப்பார்.

தொடர்ந்து நடந்தவை

கஃபீனைக் குறைத்த முதல் வாரம் தலைவலியோடு கழிந்தது. ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, பழையபடி ஆகிவிட்டதாக வருந்தினார். மூன்றாம் வார முடிவில் கேப்ஸ்யூல்கள் நின்றன. காலையில் ஒரு காபி மட்டும் மிஞ்சியது. பின்னிரவு விழிப்பு வாரத்துக்கு ஓரிரு நாளாகக் குறைந்தது. புரோப்ரனோலாலைப் படிப்படியாக நிறுத்தினோம். எண்ணங்களையும் நடத்தையையும் சார்ந்த உளவியல் சிகிச்சைக்கு அனுப்பியதில் முதலில் தயங்கினார். இரண்டு அமர்வுகளுக்குப் பின் தவறாமல் போனார்.

ஆறாவது வாரத்தில் பதற்ற மதிப்பெண் 9, நான்காம் மாதத்தில் 5. இதில் எவ்வளவு கஃபீனால், எவ்வளவு சிகிச்சையால், எவ்வளவு வெறுமனே நாட்கள் கடந்ததால் என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. எல்லாவற்றையும் அடுத்தடுத்துச் செய்துவிட்டோம். தியனினை அவரே நிறுத்தினார். மக்னீசியத்தைத் தொடர்கிறார், அதனால் நன்றாகத் தூங்குவதாக நம்புகிறார், நானும் அதை மறுக்கவில்லை.

இனி மாற்றிச் செய்பவை

மருந்து உண்டா என்று கேட்பதை விட்டுவிட்டு, விழுங்கும் அனைத்தையும் குப்பியோடு அல்லது படத்தோடு கொண்டுவரும்படி முன்பதிவின்போதே சொல்லச் செய்திருக்கிறோம். தலைமுடிக்கும் நகத்துக்கும் எடுப்பவை, உடற்பயிற்சிக்கு முன் எடுப்பவை, கருத்தடை மாத்திரை ஆகியவற்றைப் பெயர் சொல்லித் தனித்தனியே கேட்கிறோம், ஏனெனில் பொதுவாகக் கேட்டால் இவைதான் விடுபடுகின்றன. ஹார்மோன் பரிசோதனைக் கோரிக்கைத் தாளில் பயோட்டினுக்கென ஒரு கட்டம் சேர்த்தோம். எங்கள் ஆய்வகக் கருவி எவ்வளவு பயோட்டினில் பிழை காட்டும் என்பதையும் அங்குள்ளவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டோம்.

என்னளவில் பெரிய மாற்றம், முதல் நாள் நான் எழுதிவிட்டுக் கடந்துபோன அந்த வரி பற்றியது. நோயாளியின் உடலும் எண்ணும் முரண்பட்டால், அடுத்த பரிசோதனைக்கு எழுதுமுன் முதல் பரிசோதனை எப்படி எடுக்கப்பட்டது என்று விசாரிக்கிறேன். பதற்றத்தோடு வருபவரிடம் பதற்றத்தை அளப்பதை இரத்த முடிவு வரும்வரை தள்ளிப்போடுவதும் இல்லை.

ஆறாம் மாதம் அவர் வந்தபோது, புதிதாக வாங்கிய ஒரு மல்டிவைட்டமின் லேபிளின் படத்தைக் காட்டினார். பயோட்டின் என்ற வரியைத் தாமே வட்டமிட்டிருந்தார்: 30 மைக்ரோகிராம். இவ்வளவு சிறிய அளவு பரிசோதனையைக் குழப்பாது, நிறுத்த வேண்டியதில்லை என்றேன். தலையாட்டிவிட்டு, அன்றைய இரத்தப் பரிசோதனைக்காக அதை இரண்டு நாட்கள் முன்பே நிறுத்திவிட்டு வந்ததாகச் சொன்னார்.